மேல்கணக்குக் குளத்தின் வயது

"என்ர பேர் இளங்கோ. வயசு இருபத்தி நாலு. நிக்கிறது கண்டிப் பக்கம், மடுல்கெல்லைக்கு மேல ஒரு தேயிலைத் தோட்டம். அம்மா, சாப்பிட்டனான். குளிர்தான் கூட. வெள்ளிக்கிழமை பஸ் ஏறிடுவன்."

டிராக்டர் பெட்டியில் குலுங்கியபடி, கைபேசியை வாயோடு ஒட்டிப் பிடித்து இளங்கோ சொல்லச் சொல்ல, திரையில் சொற்கள் எழுத்தாக விழுந்தன. கிளிநொச்சியில் வட்டக்கச்சி அவன் ஊர். அம்மாவுக்குக் காது நன்றாக மந்தம். அழைத்துப் பேசினால் "என்ன? என்ன ராசா?" என்று கேட்டே நேரம் போய்விடும். எழுத்தாக அனுப்பினால் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தானே வாசிப்பாள். பிறகு அக்கா லோஜினியிடம் கொடுத்து இன்னொரு முறை சத்தமாக வாசிக்கச் சொல்வாள்.

எதிரே குழாய்க் கட்டின் மேல் உட்கார்ந்திருந்த நபீல் சிரித்தார். அக்குறணைக்காரர், நாற்பதைத் தாண்டியவர், இளங்கோவுக்கு மேலாள்; அண்ணன் என்ற பொருளில் 'நானா' என்றுதான் அவரை அழைப்பான்.

"என்னடா தம்பி, ஒவ்வொரு தரமும் பேர், வயசு, நிக்கிற எடம் எல்லாம் செல்லணுமா? ஒன்ட உம்மாக்கு ஒன்ட பேர் மறந்து பெய்த்தா?"

"பழகிப்போச்சு நானா."

எட்டு வயதில், போர் முடிந்து முள்வேலி முகாமில் இருந்தபோது அம்மா பழக்கியது அது. கூட்டத்தில் கை விட்டுப் போனால், யார் என்ன கேட்டாலும் மூன்றையும் சொல்லு: பேர், வயது, ஊர். பால்மா வரிசையிலும், பதிவு வரிசையிலும், பிறகு ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் அந்த மூன்றும் நாக்கில் படிந்து போயின. இப்போதும் திடீரென்று யாராவது அதட்டினால், யோசிக்கும் முன்பே வாய் சொல்லிவிடும். பல்லேகல ஆடைத் தொழிற்சாலையில் வேலைக்கு நின்றபோது காவலாளியிடம்கூட அப்படித்தான் ஒப்புவித்தான். மற்றப் பொடியன்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

தொழிற்சாலையில் ஆள் குறைத்தபோது கிடைத்ததுதான் இந்த வேலை. மலைநாட்டு நீர்த்தேக்கங்கள் எத்தனை காலமாகத் தண்ணீர் தாங்குகின்றன, எவ்வளவு சேறு சேர்ந்திருக்கிறது என்று அளந்து ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும். நபீலுக்கு அவை எல்லாம் சொந்தக்காரர்கள்.

"கண்டி வாவி எங்கட பெரியும்மா மாதிரி. இருநூறு தாண்டிட்டு, இன்னம் ஒரு பல்லு விழல்ல. பொல்கொல்ல மூத்த நானா. விக்டோரியா நாப்பது வயசுப் பொம்புள, வயசக் கேட்டா மொறைப்பா. இப்ப போறமே, அது யாரென்டு பாப்பம்."

டிராக்டர் ஓட்டிய கணேஸ் திரும்பிப் பார்க்காமல் சொன்னான். "அங்க போயி இந்தப் பகிடியெல்லாம் வேணாங்க சேர்."

"ஏன், கோவிச்சுக்குமா?"

கணேஸ் கியரை மாற்றினான்.

தோட்டத்தின் மேற்பிரிவை அங்கே மேல்கணக்கு என்பார்கள். அதற்கும் மேலே, தேயிலை முடிந்து காடு தொடங்கும் இடத்தில், இரண்டு மலைகளுக்கு நடுவே கல்லால் கட்டிய கரை. அதற்குப் பின்னால் குளம். வெள்ளைக்காரன் தேயிலைத் தொழிற்சாலையின் நீர்ச்சக்கரத்துக்காகத் தேக்கியது. இப்போது தொழிலாளர் குடியிருக்கும் லயங்களின் குழாய்களுக்குத் தண்ணீர் அங்கிருந்துதான் போகிறது. காற்றே இல்லை. நனைந்த பாசியின் வாசமும், நெடுநாள் தண்ணீரில் கிடந்த இரும்பின் வாசமும் மூக்கில் ஏறின. தண்ணீர் கறுப்பாக, ஒரு சுருக்கம் இல்லாமல் கிடந்தது.

கரையில் ஒரு பெண் தலையில் மழைக்குப் போர்த்தும் கொங்காணித் துணியோடு நின்று மதகுச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தாள். நபீல் கீழேயிருந்து கூப்பிட்டார்.

"யாரு அது?"

"ஆளுதான்" என்றாள் அவள்.

"ஆளென்டு தெரியுது. பேர் என்ன?"

"சோறு வேணும்னா மேல பம்ப் ரூமுக்கு வாங்க. அங்க வச்சு பேரு சொல்றேன், ஜாதகம்கூடச் சொல்றேன்."

பம்ப் ரூமில், அடுப்பருகே, அவள் தன்னை வீரம்மா என்று சொன்னாள். குளத்துக்கும் குழாய்களுக்கும் அவள்தான் பொறுப்பு. வந்தவர்களுக்குச் சமையலும் அவள்தான். பழைய பம்ப் கழற்றப்பட்ட அந்த அறையில் இரண்டு கட்டில்களும் கைப்பிடி உடைந்த ஓர் அலுமாரியும் இருந்தன. ஜன்னல் குளத்தைப் பார்த்தபடி இருந்தது.

சாப்பிட்டதும் முதல் குழாயை இறக்கினார்கள். வேலை எளிதுதான். பீப்பாய்களின் மேல் பலகை அடித்த தெப்பத்தில் நடுக்குளத்துக்குப் போய், கண்ணாடி போன்ற நீண்ட பிளாஸ்டிக் குழாயைச் சேற்றுக்குள் அழுத்தி, மேல்வாயை ரப்பரால் அடைத்து மெதுவாக உருவ வேண்டும். கரையில் வைத்து நீளவாக்கில் பிளந்தால் சேறு வரிவரியாகத் தெரியும். மழைக்காலத்தில் மலை கழுவி வந்த செம்மண் ஒரு வரி. வெயில்காலத்தில் அதன் மேல் படிந்த கறுப்பு ஒரு வரி. இரண்டும் சேர்ந்தால் ஓர் ஆண்டு. நபீல் ஒரு பின்னல் ஊசியால் தொட்டுத் தொட்டு எண்ணுவார்.

எண்ணி முடிக்க நெடுநேரம் பிடித்தது. நூற்று முப்பதுக்குக் கிட்ட வந்தது. கரைக்கல்லில் வெட்டியிருந்த ஆங்கில ஆண்டோடு ஒத்துப்போனது.

"நல்ல மனிசன். பொய் செல்லல்ல" என்று நபீல் கல்லைத் தட்டினார். "நாளைக்கு வேற எடத்துல இன்னொன்டு எடுத்து ஒப்பிட்டுட்டு எறங்குவம். ஒரு குழாய நம்பி ஒன்டும் செல்லப்படாது."

அவர் தேநீர் குடிக்க மேலே போனார். இளங்கோ தெப்பத்தைக் கரையோரம் கட்டி, குனிந்து குழாய்களைக் கழுவினான். அப்போதுதான் மூடுபனி இறங்கியது. மலையிலிருந்து வரவில்லை. தண்ணீரிலிருந்தே எழும்பியதுபோல் இருந்தது. பம்ப் ரூம் மறைந்தது. கரை மறைந்தது. கடைசியில் அவன் கைகளும் குழாயும் மட்டும் மிஞ்சின.

குழாயிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் நின்றது.

"யாரு?"

குரல் எதிர்க்கரையிலிருந்து வந்ததுபோல் இருந்தது. ஆணா பெண்ணா என்று தெரியவில்லை. அதட்டல்தான் தெரிந்தது, சாவடியில் கேட்கிற அதே அதட்டல். இளங்கோ விறைத்து நிமிர்ந்தான். வாய் அவனைக் கேட்கவில்லை.

"பேர் இளங்கோ. வயசு இருபத்தி நாலு. ஊர் வட்டக்கச்சி, கிளிநொச்சி."

பனிக்குள் எதுவும் அசையவில்லை.

பிறகு மிக அருகில், தெப்பத்தின் பலகைகளுக்கு அடியில், யாரோ மனப்பாடம் செய்வதுபோல் மெதுவாக ஒரு குரல் சொன்னது.

"இருபத்தி நாலு."

அவன் குழாய்களைப் போட்டுவிட்டு ஓடினான். நபீலிடம் ஒன்றும் சொல்லவில்லை. தன் குரல்தான் எதிரொலித்தது என்று தனக்கே சொல்லிக்கொண்டான். மலைப் பிரதேசத்தில் எதிரொலி வராமல் என்ன?

மறுநாள் காலையில் வேறு இடத்தில் இரண்டாம் குழாயை இறக்கினார்கள். நேற்று இரண்டு பேர் தொங்கி அழுத்தியும் உள்ளே விட மறுத்த சேறு, இன்று பாண் ரொட்டிக்குள் கத்தி போவதுபோல் வழிவிட்டது. கரையில் பிளந்து நபீல் ஊசியை எடுத்தார். சீக்கிரமே எண்ணி முடித்தார். மறுபடி எண்ணினார். ஊசியைத் துணியில் துடைத்துவிட்டு மூன்றாம் முறை எண்ணினார்.

"இருபத்திநாலு" என்றார்.

"அப்ப குழாய் முழுசா இறங்கேல்லப் போல."

"எறங்கி ஈக்குது. கீழ பாரு."

வரிகளுக்குக் கீழே சேறு இல்லை. பச்சை மண். நேற்றுத்தான் மண்வெட்டி பட்டதுபோல் ஈரமும் வேர்நுனிகளுமாக இருந்தது. அந்த மண்ணுக்குப் புதிதாகத் தோண்டிய குழியின் வாசம் இருந்தது.

"நேத்துக் கெழவன், இன்டக்கி வாலிபனா?" நபீல் சிரிக்க முயன்றார். "வா, நேத்து எடுத்த அதே எடத்துல எடுப்பம்."

எடுத்தார்கள். பிளந்தார்கள். இருபத்து நான்கு.

நபீல் பிறகு பகிடி விடவில்லை.

இளங்கோ தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். நேற்றுக் குழாய் கழுவியபோது விரல் நுனிகள் ஊறிச் சுருங்கியிருந்தன. இரவு முழுக்கக் கம்பளிக்குள் வைத்திருந்தும் அவை விரியவில்லை. இப்போது அந்தச் சுருக்கம் மணிக்கட்டைத் தாண்டியிருந்தது. காலையில் கைபேசியின் ரேகைப் பூட்டு அவன் விரலை ஏற்கவில்லை. வேறு விரலை வைத்தான். அதையும் ஏற்கவில்லை.

வீரம்மா ரொட்டியும் சம்பலும் கொண்டு வந்தாள். பிளந்து கிடந்த குழாய்களைப் பார்த்ததும் தட்டைக் கீழே வைத்தாள்.

"எத்தன?"

"இருபத்திநாலு" என்றார் நபீல்.

அவள் கொங்காணித் துணியை இழுத்து வாயை மூடிக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஒங்க ரெண்டு பேருல யாருக்கு இருபத்திநாலு?"

இளங்கோ வாய் திறப்பதற்குள் அவள் கையைக் காட்டித் தடுத்தாள். மேலே வரும்படி சைகை செய்துவிட்டு வேகமாக நடந்தாள். பம்ப் ரூமுக்குள் வந்து கதவைச் சாத்திய பிறகுதான் குரல் எழுந்தது. அதுவும் கிசுகிசுப்பாக.

"எவன்யா ஒங்கள அங்க வயசு சொல்லச் சொன்னது? நாங்க யாரு கேட்டாலும் 'ஆளுதான்'னு மட்டுந்தான் சொல்லுவோம். பொறந்த புள்ளகூட அதத்தான் சொல்லும். ஒரு வார்த்த என்கிட்ட கேட்டுருக்கப்படாதா?"

"நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அக்கா."

"சொன்னா 'தோட்டக்காட்டு ஆளுக பேய்க்கத சொல்லுது'ன்னு சிரிப்பீங்க. முன்னாடி வந்தவங்க அப்பிடித்தான் சிரிச்சாங்க." அவள் மூச்சு வாங்கினாள். "அதுக்குன்னு ஒரு வயசு கெடையாது தம்பி. கட்டுன வருசத்தச் சும்மா சொமந்துக்கிட்டுக் கெடக்கும். யாராச்சும் வயசு குடுத்தா, அதப் போட்டுக்கிட்டு எறங்கிப் போயிரும். பழசக் குடுத்தவங்க தலையில வச்சிட்டுப் போயிரும்."

"எங்க போகும்?"

"ஊரையும் சொன்னீங்களா?"

இளங்கோ தலையாட்டினான். அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"எங்க மாமியா காலத்துல பதுளைப் பக்கமிருந்து பைப்பு போட ஒருத்தன் வந்தானாம். அவன் வீட்டுக்குப் போயி நல்லாத்தான் இருந்துச்சாம் அது. எல்லாரும் பிரியமா இருந்தாங்களாம். ஒவ்வொருத்தரா வயசு கேட்டுச்சாம். இப்ப அந்த வீட்டுல ஆளில்ல. கெணறு மட்டும் வாய் வரைக்கும் நெறஞ்சு நிக்குதாம்."

"பதுளையிலயிருந்து வந்த அவருக்கு என்ன நடந்தது?"

வீரம்மா ஜன்னலைப் பார்த்தாள். உடனே பார்வையை எடுத்துக்கொண்டாள்.

"கணேஸ வரச் சொல்றேன். கெளம்புங்க. இப்பவே."

சாமான்களைக்கூட ஏற்றவில்லை. டிராக்டர் தேயிலை மேட்டை விட்டு இறங்கியது. இளங்கோ பெட்டியின் கம்பியைப் பற்றிக்கொண்டு பின்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். கரை தெரிந்தது. பிறகு கரையின் மேல்விளிம்பு மட்டும் தெரிந்தது. வளைவு வந்தது.

குளம் மறைந்தது.

அவனால் மூச்சை உள்ளே இழுக்க முடியவில்லை.

நெஞ்சுக்குள் இருந்தது காற்றல்ல. கனமான, குளிர்ந்த ஒன்று அங்கே நிறைந்து தொண்டை வரை ஏறி நின்றது. இருமினான். வாயிலிருந்து கறுத்த தண்ணீர் கொட்டியது. மறுபடி இருமியபோது தண்ணீரோடு செம்மண் வந்தது. கரையில் துள்ளும் மீனைப்போல அவன் பெட்டிக்குள் புரண்டான். நபீல் "யா அல்லாஹ், நிப்பாட்டு, திருப்பு!" என்று கத்தினார். கணேஸ் எப்படித் திருப்பினான் என்று தெரியாது. கரை கண்ணில் பட்ட கணத்தில் காற்று உள்ளே போனது.

மறுபடி முயன்றார்கள். இந்த முறை நபீல் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு குறுக்குப் பாதையில் ஓடினார். தேயிலைச் செடிகள் முடிகிற இடத்தில், குளம் மறைகிற அதே கோட்டில், இளங்கோவின் கண்கள் செருகின. தூக்கிக்கொண்டு திரும்பி ஓடிவந்தார்.

மூன்றாம் முறைக்கு இளங்கோ சம்மதிக்கவில்லை.

"நானா, நீங்கள் போங்கோ. கண்டிக்குப் போய் டொக்டர் ஆரையாவது கூட்டிக்கொண்டு வாங்கோ. என்னால ஏலாது."

"தனிய விட்டுட்டா?"

"நான் எங்க போப்போறன்?"

சொல்லிவிட்டு அவன் குளத்தைத் திரும்பிப் பார்த்தான்.

நபீல் போனார். வீரம்மா பகலில் வந்து சோறு வைத்துவிட்டு வாசலிலேயே நின்று பேசிவிட்டுப் போனாள். சோறு தொண்டையில் இறங்கவில்லை. பசியும் இல்லை. வேறு ஏதேதோ இருந்தது. எதிர்மலையில் மழை விழத் தொடங்கினால், சத்தம் கேட்கும் முன்பே அது அவன் தோளில் உறைத்தது. கீழே லயத்தில் யாராவது குழாயைத் திறந்தால் விலா எலும்புகளுக்குள் ஏதோ மெல்ல இழுபட்டது. பெண்கள் வேலை முடிந்து வந்து குடங்களை வைக்கும் நேரத்தில் அந்த இழுப்பைத் தாங்க முடியவில்லை. கட்டிலில் சுருண்டு, நிறுத்துங்கோ, கொஞ்சம் நிறுத்துங்கோ என்று முனகினான். யாருக்குக் கேட்கும்? அவர்கள் அரிசி கழுவிக்கொண்டிருந்தார்கள்.

அறையின் சுவர்கள் அவனுக்குச் சிறைபோலத் தோன்றவில்லை. அதுதான் பயமாக இருந்தது. அந்த இரண்டு மலைகளும் கல்கரையும்தான் தன் எல்லை என்று உடம்புக்குத் தெரிந்திருந்தது.

அம்மாவுக்கு ஏதாவது அனுப்ப வேண்டும். கைபேசி விரலை ஏற்காததால் இரகசிய எண்ணை அழுத்திப் பார்த்தான். சுருங்கிய விரலைத் திரை உணரவே இல்லை. வீரம்மாவிடம் நீட்டி எண்ணைச் சொன்னான். அவள் பயந்து பயந்து அழுத்தித் திறந்து கொடுத்தாள். குரலை எழுத்தாக்கும் இடத்தையும் அவளே தொட்டாள்.

"என்ர பேர் இளங்கோ" என்றான்.

திரை வெறுமையாக இருந்தது.

"அம்மா, கேக்குதோ? நான்தான்."

வெறுமை.

"எழுத மாட்டேங்குதே" என்றாள் வீரம்மா. உடனே திரையில் அவள் சொன்ன சொற்கள் அப்படியே விழுந்தன. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நீங்கள் சொல்லுங்கோ அக்கா. 'அம்மா, நான் இஞ்சதான் நிக்கிறன்' எண்டு சொல்லுங்கோ."

அவள் வாய் திறப்பதற்குள் கைபேசி அதிர்ந்தது. குடும்பக் குழுவில் அக்கா லோஜினியின் செய்தி. ஒரு படமும் இருந்தது.

*எல்லாருக்கும் ஒரு புதினம். தம்பி வெள்ளிக்கிழமை வாறன் எண்டவன், இண்டைக்கே வந்து நிக்கிறான்! அம்மாவுக்குக் கால் நிலத்தில இல்லை.*

படத்தில் வீட்டு விறாந்தை. கதிரையில் ஒருவன் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். இளங்கோவின் நீலச் சட்டை. பிடரியில் இளங்கோவின் மச்சம். அம்மா பின்னால் நின்று துவாயால் அவன் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். கதிரைக்குக் கீழே சீமெந்து நிலத்தில் தண்ணீர் பரவி வாசற்படி வரை போயிருந்தது.

இரண்டாவது செய்தி வந்தது.

*மழையும் இல்லை, எங்க நனைஞ்சவனோ தெரியாது. காலமையிலயிருந்து துவட்டுறம், தலை காயுதில்லை.*

மூன்றாவது.

*இன்னொரு அதிசயம். அவன் கதைக்கிறது அம்மாவுக்கு நல்லாக் கேக்குதாம்.*

இளங்கோ கத்தினான். அறை அதிர்ந்தது. ஜன்னலுக்கு வெளியே குளம் ஒரு முறை சுருங்கி விரிந்தது. காற்று இல்லாத குளம். வீரம்மா கைபேசியைக் கட்டிலில் போட்டுவிட்டுக் கதவுவரை பின்வாங்கினாள்.

"அக்கா, போகாதேங்கோ. எழுதுங்கோ. அது நானில்லை எண்டு எழுதுங்கோ!"

அவள் அழுதபடியே திரும்பி வந்தாள். பேசினாள். எழுத்து விழுந்தது, போனது. லோஜினியிடமிருந்து சிரிக்கும் முகங்கள் வந்தன. *தம்பியின்ர ஃபோனை ஆரோ எடுத்து வைச்சுக்கொண்டு விளையாடுறாங்கள். தம்பி சொல்லுறான், மலையில துலைச்சுப்போட்டானாம்.* அதன்பின் குழு திறக்கவில்லை. அவனை அதிலிருந்து நீக்கியிருந்தார்கள்.

நபீல் மறுநாள் நண்பகலில் நடந்தே வந்தார். கீழே மண் சரிந்து பாதை அடைபட்டிருந்தது. மருத்துவர் யாரும் வர இசையவில்லை. வீரம்மா எல்லாவற்றையும் சொன்னாள். அவர் படத்தைப் பார்த்தார். கட்டிலில் கிடந்தவனைப் பார்த்தார். தன் கைபேசியை எடுத்தார்.

"ஒன்ட ராத்தா லோஜினிட நம்பரச் செல்லு."

பம்ப் ரூமில் நபீலின் கைபேசிக்குச் சிக்னல் இல்லை; கரைக்கல் அருகில்தான் இருந்தது. இருவரும் அங்கே போய் நின்றார்கள். இளங்கோவின் குரலைக் கைபேசி ஏற்காது என்பதால் அவரே பேசுவதாக ஒலிபெருக்கியைப் போட்டார். மணி போனது.

"ஹலோ?" லோஜினியின் குரல்.

"தங்கச்சி, நான் நபீல். ஒங்கட தம்பியோட வேல செய்றவன். நான் செல்றதக் கொஞ்சம் பொறுமையாக் கேளுங்க. ஒங்கட தம்பி இங்கதான் ஈக்கார், எனக்குப் பக்கத்துல."

"என்ன அண்ணை கதைக்கிறியள்? தம்பி இஞ்ச என்ர பக்கத்தில நிண்டு தேத்தண்ணி குடிக்கிறான்."

"தங்கச்சி, அந்தாள ஊட்டுக்கு வெளிய..."

"பொறுங்கோ, அவனிட்டையே குடுக்கிறன். தம்பி, உன்ர நபீல் நானாவாம்."

கைபேசி கைமாறும் சத்தம். எங்கோ தண்ணீர் சொட்டும் சத்தம்.

"நானா" என்றது குரல்.

அது இளங்கோவின் குரல். இளங்கோவுக்கே சந்தேகம் வரவில்லை. அவனுடையதைவிடத் தெளிவாகவும் இளமையாகவும் இருந்தது.

"நானா, நான் வீட்ட வந்திட்டன். ஒருத்தருக்கும் சொல்லாமல் வந்ததுக்கு மன்னிச்சுக்கொள்ளுங்கோ. சுகமா இருக்கிறியளோ?"

நபீல் கைபேசியை முகத்திலிருந்து தள்ளிப் பிடித்தார்.

"நானா, உங்களுக்கு எத்தினை வயசு?"

யாராவது அன்பாகக் கேட்டால் மனிதன் பதில் சொல்லத்தான் செய்வான். நபீலின் வாய் திறந்தது. முதல் எழுத்து நாக்கில் வந்தும்விட்டது. இளங்கோ பாய்ந்து தன் நனைந்த உள்ளங்கையால் அந்த வாயைப் பொத்தினான். இருவரும் கரையில் விழுந்தார்கள். கைபேசி கல்லில் மோதி மல்லாந்து கிடந்தது. இணைப்பு அறவில்லை.

மறுமுனை காத்திருந்தது. அவசரமே இல்லாமல் காத்திருந்தது.

"பரவாயில்லை நானா" என்றது பிறகு. "நான் அம்மாட்டைக் கேக்கிறன்."

தூரத்தில், விறாந்தையிலிருந்து, அம்மாவின் குரல் கேட்டது. பக்கத்தில் நின்று கூப்பிட்டாலும் காதில் விழாத அம்மா, உடனே பதில் சொன்னாள்.

"என்ன ராசா கேக்கிறாய்?"

இணைப்பு அறுந்தது.

அதன்பின் அந்த எண்ணுக்கு அழைப்புப் போகவில்லை. நபீல் அந்த இடத்திலிருந்தே எழுந்து, மண்சரிவைத் தாண்டி, கிளிநொச்சிக்குப் போக இறங்கினார். பாதை திறக்க எவ்வளவு நேரமாகும் என்று யாருக்கும் தெரியாது. கிளம்பும் முன் இளங்கோ சொன்னதை, வழியெல்லாம் ஒவ்வொரு சொல்லாகத் திருப்பிச் சொல்லித் தன் கைபேசியில் எழுத்தாக்கி, தெரிந்தவர் தெரியாதவர் எல்லோருக்கும் அனுப்பிக்கொண்டே போனார். இளங்கோ கரைக்கல்லில் உட்கார்ந்து, அவர் வளைவில் மறையும்வரை பார்த்தான். கீழே லயத்தில் யாரோ குழாயைத் திறந்தார்கள்.

அவர் அனுப்பியது இதுதான்.

இதை வாசிக்கிறவர்களில் யாராவது வட்டக்கச்சிப் பக்கம் இருந்தால், நபீல் வரும்வரை காத்திருக்காதீர்கள். லோஜினி வீடு என்று கேட்டால் காட்டுவார்கள். போய், அம்மாவையும் அக்காவையும் வெளியே கூப்பிட்டு, உள்ளே இருக்கிறவன் இளங்கோ இல்லை, அவன் வயது கேட்டால் சொல்ல வேண்டாம் என்று சொல்லுங்கள். உங்களிடம் கேட்டால் நீங்களும் சொல்லாதீர்கள்.